பொறிக்கு ஊட்டும் தமிழ்

தமிழுக்கு நேர்ந்த கேடுகளுள் பெரும்பாலானவை எழுதுகோலின் வழியே வந்தவை. இன்றோ, எழுதுகோல் பிடிக்கும் கையே இல்லாமல் எழுதும் கருவி ஒன்று வந்துள்ளது. கேட்ட கேள்விக்கு அது தமிழிலேயே விடை எழுதுகிறது, மடல் வரைகிறது, மொழிபெயர்க்கிறது, பாட்டும் கட்டுகிறது. அதனைக் கண்டு வியப்போர் ஒருபால், வெருள்வோர் ஒருபால். இருபாலாரும் கேட்கத் தவறிய கேள்வி ஒன்றுண்டு. அப்பொறி எழுதும் தமிழ் எவருடைய தமிழ்?

இக்கேள்விக்கு விடை காணத் திருச்சிராப்பள்ளியைக் காட்டிலும் பொருத்தமான ஊர் இல்லை. காவிரியின் தென்கரையில், பிசப்பு ஈபர் உயர்நிலைப் பள்ளியில், 1934 முதல் 1943 வரை தமிழாசிரியராக இருந்தவர் மொழிஞாயிறு பாவாணர். அவருடைய ‘ஒப்பியன் மொழிநூல்’ 1940-இல் வெளிவந்தது அக்காலத்தேதான். பள்ளிப் பணியையும் குடும்பத்தின் வறுமையையும் தாங்கிக்கொண்டு, சொல் சொல்லாக எடுத்து வேர் கண்டு, தமிழ் தன் காலில் நிற்கவல்ல மொழி என்று நிறுவினார் அவர்.

ஆற்றைக் கடந்து காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையில் இறங்கினால் திருவரங்கம். அங்கே, நம்பிள்ளை திருவாய்மொழிக்குச் சொன்ன உரையை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏட்டில் எழுதினார். ஈடு முப்பத்தாறாயிரப்படி என்பது அவ்வுரையின் பெயர். ஒரு படி என்பது 32 எழுத்து. அக்கணக்குப்படி பதினொன்றரை இலக்கம் எழுத்துகள். ஆழ்ந்த உரை அது; அன்பு கனிந்த உரையும் ஆகும். ஆயினும் அதன் நடை மணிப்பவளம். தமிழ்ப் பாடலுக்கு எழுந்த உரையைத் தமிழ் மட்டும் அறிந்தவன் படித்துணர முடியாமற் போயிற்று. ஒரு நடை ஓங்கிவிட்டால் அதில் எழுதுவதே புலமை என்று பின்வந்தோரும் எண்ணத் தொடங்குவர். மறைமலையடிகளார் 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கும்வரை அவ்வெண்ணம் முற்றும் அசைக்கப்படவில்லை.

அதே திருவரங்கத்தில் வளர்ந்து, திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் படித்துப் பொறியியலாளரானவர் சுசாதா என்னும் அரங்கராசன். அவருடைய ‘என் இனிய இயந்திரா’ என்னும் புதினம் 1980-களில் தொடராக வந்தது. அதில் வரும் சீனோ என்னும் எந்திர நாய் நூல்களைப் படிக்கும். மாந்தரைப் போலவே பேசும். அவருடைய நடை ஆங்கிலமும் வடமொழியும் மிடைந்த நடை, தமிழ்நெஞ்சங்கள் அதனை ஒப்பவில்லை, ஒப்ப வேண்டியதுமில்லை. ஆனால் கணினி பேசும் காலம் வரும் என்பதைத் தமிழ்ப் பொதுமக்களுக்கு முன்கூட்டியே எடுத்துச் சொன்னவர் அவர். அன்று நல்ல தமிழில் அதனைச் சொல்ல எத்தனைப் புலவர் முன்வந்தனர்? அவருடைய நடையைக் குறை கூறுவோர் இக்கேள்விக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்.

பொறி எங்ஙனம் பேசுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அதற்கு இருவழிகள் உண்டு. ஒன்று நெறிவழி, மற்றொன்று எண்ணல்வழி.

நெறிவழியாவது, இலக்கணத்தைப் படிமுறையாக்கிப் பொறிக்குக் கற்பிப்பது. 1954-இல் அமெரிக்காவில் சியார்ச்சுடவுன் பல்கலைக்கழகத்தாரும் ஐ.பி.எம். நிறுவனத்தாரும் 250 சொற்களையும் ஆறே நெறிகளையும் கொண்டு அறுபதுக்கு மேற்பட்ட உருசியத் தொடர்களை ஆங்கிலமாக்கிக் காட்டினர். உலகம் அதனைப் புதுமை என்று கொண்டாடியது. தமிழனுக்கு அம்முறை புதிதன்று. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்துப் பிற்பாதி முழுதும் என்ன சொல்கிறது? நிலைமொழியின் ஈற்றில் இன்ன எழுத்து நின்று, வருமொழியின் முதலில் இன்ன எழுத்து வந்து, பொருள் உறவு இன்னதாயின், விளைவு இன்னது என்பதே. மரம் என்பதன்முன் கிளை வந்தால் மரக்கிளை. வேர் வந்தால் மரவேர். பொன்னோடு குடம் சேர்ந்தால் பொற்குடம். மண்ணோடு சேர்ந்தால் மட்குடம். ஐயத்திற்கிடமின்றி, வரிசை பிறழாமல், விலக்குகளையும் தனியே எண்ணிச் சொல்லும் அம்முறைக்குத்தான் இன்று படிமுறை என்று பெயர் வழங்குகிறது.

எண்ணல்வழியாவது, எழுதப்பட்டவற்றையெல்லாம் திரட்டி, எதன்பின் எது மிகுதியாக வருகிறது என்று கணக்கிடுவது. உருசியக் கணக்கறிஞர் மார்க்கோவு 1913-இல் புசுக்கினின் செய்யுட்புதினம் ஒன்றிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிரின்பின் மெய்யும் மெய்யின்பின் உயிரும் எத்தனை முறை வருகின்றன என்று கையாலேயே எண்ணினார். அந்தச் சிறுவிதைதான் இன்று பெருமரமாகி நிற்கிறது. 2017-இல் கூகுள் ஆய்வாளர் கண்ட புதிய அமைப்புமுறையும், அதன்மேல் எழுந்து 2022 நவம்பரில் பொதுமக்கள் கைக்கு வந்த சாட் சிபிடியும், அதற்குப்பின் வந்த பிறவும் இவ்வழியினவே. அடுத்து வரத்தக்க சொற்கூறு எது என்பதை முன்பு படித்தவற்றைக் கொண்டு கணித்து, ஒவ்வொன்றாக அடுக்கிச் செல்வதே அவற்றின் தொழில்.

இங்கேதான் தமிழர் விழித்துக்கொள்ள வேண்டும். எண்ணும் பொறிக்குத் தமிழ்ப்பற்றும் இல்லை, தமிழ்ப்பகையும் இல்லை. எது மிகுதியோ அதுவே அதற்கு வழக்கு. ஆற்றிடைக்குறைக்கு அரங்கம் என்பது பழந்தமிழ்ப் பெயர். ஆழ்வார்கள் பாடியதும் திருவரங்கமே. ஆனால் தொடர்வண்டி நிலையத்திலும் நாளிதழ்களிலும் கடைப்பலகைகளிலும் ‘ஸ்ரீரங்கம்’ என்றே மிகுதியாக எழுதப்பட்டிருக்குமாயின், பொறியும் அதனையே முதலில் நீட்டும். அதனைப் படிக்கும் மாணவன் அவ்வாறே எழுதுவான். அவன் எழுதியது மீண்டும் பொறிக்கு உணவாகும். மிகுதி மேலும் மிகும். குறைவு மேலும் குறையும். ஒரு சொல் இவ்வாறு நாலைந்து சுற்றுச் சுற்றினால், திருவரங்கம் என்பது பிழையோ என்று பிள்ளைகள் கேட்கும் நாள் வரும். பொறி எழுதியதையே பொறிக்குத் திரும்பத் திரும்ப ஊட்டினால், அருகி வழங்குபவை முதலில் மறைந்து, பின்னர்ப் பொறியின் திறனே சீர்குலைகிறது என்று 2024-இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்த ஆய்வும் காட்டியுள்ளது. தமிழின் நல்ல சொற்களுள் பல இன்று அருகி வழங்குபவையே என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் ஏதம் விளங்கும்.

சொல்லோடு நின்றாலும் ஆறுதல் கொள்ளலாம். தொடரமைப்பும் மாறுகிறது. ‘இஃது இன்றியமையாத பங்கை வகிக்கிறது’ என்று தமிழன் எவனும் தன் வீட்டில் பேசியதில்லை. ஆங்கிலத் தொடரின்மேல் தமிழ்ச்சொல்லைப் போர்த்திய வடிவம் அது. செய்தான் என்று முடிய வேண்டிய இடத்தில் செய்யப்பட்டது என்பதும், தேவையில்லாத இடமெல்லாம் ‘ஒரு’ வந்து நிற்பதும் அத்தகையனவே. ஆங்கிலத்தை இடைவழியாகக் கொண்டு மொழிபெயர்த்தால் நாம் என்பதும் நாங்கள் என்பதும் ஒன்றாகிவிடும். மாமனும் சிற்றப்பனும் பெரியப்பனும் ஒருவராகிவிடுவர். முன்னிருப்பவரை உளப்படுத்துவதா, விலக்குவதா என்பதை ஒரே சொல்லால் தெரிவிக்கும் மொழி தமிழ். அந்நுட்பம் மழுங்குவது சொல்லிழப்பினும் பேரிழப்பாகும்.

“மக்கள் எழுதுவதைத்தானே பொறி எழுதுகிறது? மக்கள் வழக்கை மாற்ற நீவிர் யார்?” என்று சிலர் கேட்பர். நயன்மைபோல் தோன்றும் கேள்வி. ஆனால் பொறி அறிந்தது மக்கள் வழக்கன்று. தட்டச்சேறிய வழக்கு மட்டுமே. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் உழைப்போர் பேச்சு அதில் எத்துணை ஏறியுள்ளது? உறையூர்த் தறியில் அமர்ந்தோர் வாயில் பாவும் ஊடையும் நாடாவும் இன்றும் உயிரோடு உள. உய்யக்கொண்டான் வாய்க்காலில் நீர் பாயும் வயல்களில் மதகு, கலிங்கு, நாற்றங்கால், பரம்படித்தல், குறுவை, தாளடி என்னும் சொற்கள் வழங்குகின்றன. வடமொழியும் ஆங்கிலமும் தொடாத தமிழை உழவரும் நெசவரும் காத்துவந்தனர். அவர்கள் பேச்சு கணினியுள் அருகியே ஏறியது. விளம்பரமும் திரைச்செய்தியும் அரைகுறை மொழிபெயர்ப்பும் பெருவெள்ளமாய் ஏறின. மக்கள் வழக்கு என்னும் பெயரால் காக்கப்படுவது உண்மையில் அச்சிறு கூட்டத்தாரின் வழக்கே.

பொறியின் அடித்தளத்திலும் தமிழுக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. தமிழ் என்பது மூன்றெழுத்துச் சொல் என்று முதல் வகுப்புக் குழந்தையும் சொல்லும். ஒருங்குறியில் அதற்கு ஐந்து குறிகள். தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என. ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு. ஆகப் பதினைந்து பைட்டு. ஆங்கிலத்தில் அப்பெயரின் ஐந்தெழுத்தும் ஐந்தே பைட்டு. மெய்யே உடம்பு, உயிர் வந்து ஏறும் என்பது தமிழ் நெறி. ஒருங்குறியோ அகரமேறிய உயிர்மெய்யை முதலாக வைத்து, அதன்மேல் புள்ளியிட்டு மெய்யாக்குகிறது. இந்திய எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த வரிசையில் தமிழையும் அடைத்ததால் வந்த விளைவு இது.

இதனால் விளைவது வெறுங் கொள்கைக் குறை மட்டுமன்று. பொறிகள் சொல்லைத் துண்டுகளாக்கியே படிக்கின்றன. துண்டின் எண்ணிக்கைக்கேற்பவே விலையும் நேரமும் கூடுகின்றன. ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் 2024 மே திங்களில் வெளியிட்ட ஒப்பீட்டில், ஒரே செய்தி ஆங்கிலத்தில் 27 துண்டாகவும் தமிழில் 116 துண்டாகவும் முன்பு வெட்டப்பட்டு வந்தது தெரிந்தது. புதிய முறையில் அவை 24 என்றும் 35 என்றும் குறைந்தன. அயலவர் முயன்றால் குறையும் ஒன்றைத் தமிழர் முன்பே கேட்டுப் பெற்றிருக்கலாம் அன்றோ?

கேட்டுப் பெற்றதும் உண்டு. கிரந்த எழுத்துகளையும் தமிழெழுத்துகளையும் ஒருங்குறியில் ஒன்றோடொன்று கலக்கும் முன்மொழிவுகள் 2010-இல் எழுந்தபோது, தமிழறிஞரும் தமிழ்நாட்டரசும் எதிர்த்தனர். பின்னர் 2014-இல் கிரந்தத்திற்கு வேறிடம் ஒதுக்கப்பட்டது. நுட்பம் அறிந்தவரும் இலக்கணம் அறிந்தவரும் சேர்ந்து குரல் கொடுத்தால் உலக அவையும் செவிசாய்க்கும் என்பதற்கு அதுவே சான்று.

சொற்களைத் துண்டாக்கிப் படிக்கும் பொறி எழுத்தையும் அசையையும் நேரே காண்பதில்லை. ஆகவேதான் வெண்பா கேட்டால் வெண்பாவைப் போன்ற ஒன்றைத் தருகிறது, தளை தட்டுகிறது. இல்லாத குறளை வள்ளுவர் பெயரில் கட்டித் தருவதும் உண்டு. ஓசை நிரம்பிய பொய்யை மாணவன் எவ்வாறு கண்டறிவான்? நெறிவழிப் பொறிகள் இவ்விடத்தில் கைகொடுக்கும். வினோத்துராசன் ஆக்கிய ‘அவலோகிதம்’ என்னும் மென்பொருள், செய்யுளைக் கொடுத்தால் எழுத்து, அசை, சீர், தளை, தொடை என்று பிரித்துக் காட்டுகிறது. பேராசிரியர் தெய்வசுந்தரம் உருவாக்கிய ‘மென்தமிழ்’, நீச்சல்காரன் என்னும் புனைபெயரினர் ஆக்கிய ‘வாணி’, ‘நாவி’ ஆகியவை எழுத்துப் பிழையையும் சந்திப் பிழையையும் காட்டுகின்றன. வேலை கொடுத்தான் என்றால் பணி தந்தான் என்று பொருள். வேலைக் கொடுத்தான் என்றால் வேற்படையைத் தந்தான் என்று பொருள். ஒற்றொன்று பொருளையே மாற்றும் மொழிக்கு எண்ணல்வழி மட்டும் போதாது. இலக்கணம் கண்காணியாய் உடன் நிற்றல் வேண்டும். யாழ்ப்பாணத்துச் சருவேசுவரனும் அவருடன் உழைத்தோரும் சொல்லைப் பகுத்துப் பகுதி, விகுதி காட்டும் கருவியைச் செய்துள்ளனர். இவருள் பலர் தமக்குக் கிடைத்த ஓய்வு நேரத்தில் உழைத்தவர். இவர்தம் பெயரைத் தமிழ் மாநாட்டு மேடைகளில் எத்தனை முறை கேட்க முடிகிறது?

இயக்கத்தார் தம்மையும் தாமே ஆராய்தல் வேண்டும். தனித்தமிழ் நூல்களும் இதழ்களும் பெரும்பகுதி இன்னும் தாளிலேயே உறங்குகின்றன. சில, படங்களாக மட்டும் ஏற்றப்பட்டுள்ளன. படம் மாந்தர் கண்ணுக்குத் தெரியும். எண்ணும் பொறிக்கு, எழுத்தாக மாற்றப்படும்வரை அது வெறும் கறை. மணிப்பவளத்தைப் பழித்துக் கொண்டே செந்தமிழை எழுத்தாக ஏற்றாதிருந்தால் பொறியைக் குறைகூறிப் பயனென்ன? ஒரு பொருளுக்கு ஐந்து கலைச்சொல் படைத்து, ஐவரும் தத்தம் சொல்லே தக்கதென்று இருபதாண்டு வழக்காடும் பழக்கமும் ஒழிய வேண்டும். ஐந்தாகப் பிரிந்த நல்ல தமிழ்ச்சொல், ஒன்றாக நின்ற ஆங்கிலச் சொல்லிடம் எண்ணிக்கையில் தோற்றுப் போகிறது. எண்ணும் பொறியின் முன் ஒற்றுமையின்மையும் ஒரு பகையே.

மாறாக நடந்தவற்றையும் காண்க. வெளிநாட்டிலிருந்து ஒருவர் முன்னின்று 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், ஊதியம் கருதாதோர் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு ஏற்றினர். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் 1,50,000-க்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அவற்றில் நல்ல தமிழ்க் கலைச்சொற்கள் பரவலாக ஆளப்படுகின்றன. ஆங்கிலக் களஞ்சியத்தில் 65 இலக்கத்திற்கு மேல் இருக்க, இது சிறிதே. ஆயினும் இன்றைய பொறிகள் ஓரளவேனும் நல்ல தமிழ் எழுதுகின்றன என்றால், இத்தகையோர் இட்ட எருவும் அதற்கு ஒரு கரணியம்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. முதலாவது, தமிழாசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு தனித்தமிழ் நூலையேனும் மாணவர் துணையோடு தட்டச்சிட்டு, மெய்ப்புப் பார்த்து, எவரும் எடுத்தாளும்படி பொதுவில் வைத்தல் வேண்டும். பாவாணர் நூல்கள் நாட்டுடைமையானவை; அங்கிருந்து தொடங்குக.

இரண்டாவது, உழவர், நெசவர், கொல்லர், தச்சர் வழக்குச் சொற்களை அவர்தம் பேச்சோடும் பொருளோடும் பதிவு செய்தல் வேண்டும். காவிரிக் கரையில் பள்ளி நடத்துவோர்க்கு இதைவிடச் சிறந்த விடுமுறைப் பணி வேறில்லை.

மூன்றாவது, திருச்சிராப்பள்ளியில் 1964-இல் தோன்றிய பொறியியல் கல்லூரி இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகமாக உள்ளது. 1982-இல் தோன்றிய பாரதிதாசன் பல்கலைக்கழகம் உள்ளது. பழம்பெருங் கல்லூரிகள் பல உள. இத்தகைய நிறுவனங்களில் தமிழ்த் துறையும் கணினித் துறையும் ஒரே மேசையில் அமர்தல் வேண்டும். புணரியலைப் படித்தவன் நிரல் எழுதக் கற்கட்டும். நிரல் எழுதுபவன் புணரியலைப் படிக்கட்டும்.

நான்காவது, அரசு தன் ஆணைகளையும் பாடநூல்களையும் ஆங்கிலத்தில் எழுதிப் பின்னர்த் தமிழாக்குவதை விடுத்து, தமிழிலேயே எழுதுதல் வேண்டும். ஆட்சிமொழிச் சட்டம் 1956-இலேயே வந்தது. தமிழில் மிகுதியாக எழுதும் நிறுவனங்களுள் அரசும் ஒன்று. அதன் நடை கெட்டால் பொறியின் நடையும் கெடும்.

ஐந்தாவது, பொறி எழுதியதைத் திருத்தாமலும் பொறி எழுதியது என்று குறிக்காமலும் எவரும் வெளியிடலாகாது. தமிழ் இதழ்கள் இதனை ஒரு கட்டுப்பாடாகவே கொள்ளுதல் நன்று.

பொறியைத் தீண்டேன் என்று ஒதுங்குவது தூய்மையாகாது. ஒதுங்கியவன் விட்ட இடத்தைப் பிறன் நிரப்புவான். பொறியே தமிழைக் காக்கும் என்று இருப்பதும் மடமை. எழுதாத தமிழை அஃது எங்கிருந்து கற்கும்? நாளைத் தமிழ்ப்பிள்ளைகள் தம் ஐயங்களைப் பாட்டனிடம் கேட்பதினும் பொறியிடம் மிகுதியாகக் கேட்பர். அது விடை சொல்லும் தமிழ் திருவரங்கம் என்று எழுதுவதும், நாம் வேறு நாங்கள் வேறு என்று உணர்ந்து எழுதுவதும் இன்றைய தமிழர் கையில் உள்ளன. காலம் நெடிதில்லை; இன்றே எழுதத் தொடங்குக, நல்ல தமிழில் எழுதுக, எழுதியதைப் பொதுவில் வைக்க!